அம்மாவின் சேலையும் கால் அங்குலமும்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மேசை நிறையச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிய துணி. தையல் கடை வைத்துவிட்டேனா என்று சிலர், ரிடையர் ஆகியும் சும்மா இருக்க மாட்டீங்களா டீச்சர் என்று சிலர், அது அம்மா சேலை இல்லையா என்று சொந்தத்தில் இரண்டு மூன்று பேர். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். துண்டுத் துணிகளை இணைத்து மேல்பக்கம், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி. இந்த மூன்றையும் சேர்த்து ஊடே தையல் ஓட்டினால் அதுதான் குவில்ட். மேல்பக்கத்தை ஒரேயடியாகத் தைக்க மாட்டார்கள். சின்னச் சின்னக் கட்டங்களாகத் தைத்துக்கொண்டு, கடைசியில் கட்டங்களை இணைப்பார்கள். கட்டத்துக்கு அவர்கள் வழக்கில் பிளாக் என்று பெயர்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். ஆளுக்குப் பன்னிரண்டு கட்டம் தைக்க வேண்டும். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு பதினொன்றை அனுப்பிவிட வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் ஒருத்தி எல்லாப் பார்சலையும் வாங்கிப் பிரித்து, ஆளுக்கு ஒன்று வீதம் அடுக்கி, திருப்பி அனுப்புவாள். கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் பன்னிரண்டு பேர் தைத்த பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். மூன்றுக்கு நான்காக இணைத்தால் மூன்றடிக்கு நாலடி. சுற்றிலும் ஆறு அங்குலப் பட்டி வைத்தால் நாலடிக்கு ஐந்தடி. மடியில் போட்டுக்கொள்ளவும், தொட்டில் வயது தாண்டிய பிள்ளைக்குப் போர்த்தவும் சரியான அளவு. கோயம்புத்தூர்க்காரி யார் என்று கேட்காதீர்கள். என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவள், வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மட்டும் காய்ச்சல் வந்துவிடும் அவளுக்கு. இப்போது 132 கட்டங்களைக் கணக்குத் தப்பாமல் பிரித்துக் கொடுக்கிறாள். என்னை இதில் இழுத்துவிட்டவளும் அவள்தான். இது எனக்கு இரண்டாவது சுற்று.

இந்தப் பழக்கம் நம் ஊரில் பிறந்ததில்லை. 1840களில் அமெரிக்காவில், ஊரைவிட்டு மேற்கே குடிபெயர்ந்து போகும் பெண்ணுக்கு அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரரும் ஆளுக்கொரு கட்டம் தைத்து, அழியாத மையால் அதில் பெயர் எழுதிக் கொடுப்பார்களாம். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர் திரும்ப வருவது அரிது. கடிதமும் எப்போதாவதுதான். போர்வைதான் முகவரிப் புத்தகம். அந்த வழக்கத்தின் பேரப்பிள்ளைதான் இன்று நாங்கள் செய்வது.

நம் நாட்டிலும் ஒட்டுப் போர்வைக்குப் பஞ்சமில்லை. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்று ஒன்று தைக்கிறார்கள். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பழைய துணிகளை ஒரு மூலையிலிருந்து தைக்க ஆரம்பித்து, ஓரமாகவே சுற்றி வந்து, உள்பக்கமாக நகர்ந்து, நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூப்போல வைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. அதற்கு ஸ்கேல் வேண்டாம், சதுரம் வேண்டாம். துண்டு என்ன அளவில் இருக்கிறதோ அது போதும். அடுத்த துண்டு அதற்கு ஏற்றாற்போல் மடிந்துகொள்ளும். ஏனென்றால் முதல் தையலும் கடைசித் தையலும் ஒரே கை.

எங்களுடையது அப்படி இல்லை. பன்னிரண்டு கை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால்தான் அளவு, அளவு என்று அடித்துக்கொள்கிறோம். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக ஒரு நினைவுப் போர்வையை விரித்தார்கள். 1,920 துண்டுகள். ஒவ்வொன்றையும் தைத்தது ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு சிநேகிதர் கூட்டம். ஒன்றில் ஜீன்ஸ் துணி, ஒன்றில் பொம்மை, எதை வேண்டுமானாலும் வைத்துத் தைக்கலாம். அளவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: மூன்றடிக்கு ஆறடி. அந்த ஒரு விதி இருந்ததால்தான் அது போர்வையாயிற்று. சரி, பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் சுற்றுக்கு விதி: ஒன்பது கட்டம். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று சதுரம். ஐந்து சதுரம் கலர், நான்கு வெள்ளை, சதுரங்கப் பலகைபோல மாறி மாறி. துணி பருத்தியாக இருக்க வேண்டும். முடிந்தவரை உங்கள் ஊர்ப் பக்கத்துத் துணியாக இருக்கட்டும், பழையதானாலும் பரவாயில்லை, உறுதியாக இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு அம்மாவின் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் முடிந்ததும் பட்டுச் சேலைகளை மகள்களும் மருமகள்களும் பிரித்துக்கொண்டோம். நூல் சேலைகளை யாரும் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பட்டு என்பது கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் அம்மா கட்டியது. மற்ற நாளெல்லாம் அம்மா உடம்பில் இருந்தது சுங்குடி. அடுப்படியிலும், கிணற்றடியிலும், எங்களுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளிலும். அந்தச் சேலைகள் ஒரு தகரப்பெட்டியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வருடத்துக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயப் போட்டு, மடிப்பை மாற்றி, வேப்பிலை போட்டு வைப்பேன்.

படம் போட்ட அன்று இரவே தம்பி போன் பண்ணினான். "அக்கா, அம்மா சேலையை வெட்டி யார் யாருக்கோ அனுப்புறியாமே?" என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவன் அப்படிக் கேட்கவில்லை. மெதுவாகக் கேட்டான்.

வெட்டுவதைப் பற்றி என்னிடம் பதில் இருந்தது. அம்மா எந்தச் சேலையையும் முழுசாக விட்டுவைத்தவர் இல்லை. கட்டிக் கட்டி நைந்ததும் முதலில் அது தொட்டிலாகும். நம் வீட்டில் பிறந்த அத்தனை பிள்ளைகளும் அதில் தூங்கியவர்கள்தான், இதைப் படிக்கிற பாதிப் பேர் உட்பட. தொட்டிலில் இருந்து இறங்கினால் மொட்டைமாடியில் வடகம் பிழிய விரிப்பு. பிறகு கிழித்து நாலு துண்டு. எங்கள் காலத்துப் பெண்களுக்கு மாதத்தில் மூன்று நாள் அது எதற்குப் பயன்பட்டது என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் அடுப்படியில் கரித்துணி. கடைசிக் கிழிசல் கார்த்திகைக்குத் திரி. இதை அவனிடம் சொன்னேன். "அது சரிக்கா. அதெல்லாம் நம்ம வீட்டுக்குள்ளயே ஆச்சு. இது யாரோ இல்ல?" என்றான்.

இதற்கு எனக்கு உடனே வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "யாரோதான். ஆனா இவங்க கேட்டாங்க" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பச்சையை வெட்டிட்டியா?" என்றான். ஒரு முழம் எடுத்திருக்கிறேன் என்றேன். "மிச்சத்த எனக்கு அனுப்பு" என்றான். அனுப்பிவிட்டேன். ஆக நான்கு வருடம் கழித்து ஒரு நூல் சேலையை ஒருவர் கேட்டு வாங்கியிருக்கிறார்.

ஒரு முழம் என்றது கணக்குப் பார்த்துத்தான். சேலை ஐந்தரை மீட்டர், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு முழம். இரண்டு பக்கக் கரையையும் விட்டால் உடல் பகுதி நாற்பது அங்குலம் வரும். நாலரை அங்குலச் சதுரம் என்றால் குறுக்கே எட்டு நிற்கும். மூன்று வரிசை எடுத்தால் 24 சதுரம், பதின்மூன்றரை அங்குலம்தான். கோணல் நேர்செய்யவும், துவைத்துச் சுருங்கவும் சேர்த்து ஒரு முழம். மூன்று சேலை, சேலைக்கு ஒரு முழம். உள்தலைப்பில் இருந்து எடுத்தேன். கொசுவத்துக்குள் இடுப்பில் செருகியே இருந்ததால் வெயில் படாமல் நிறம் அப்படியே இருந்தது. மீதிப் பதினொரு முழம் சேலையாகவே இருக்கிறது. "சேலையை வெட்டிவிட்டாள்" என்று பேசிக்கொண்டவர்கள் இந்தப் பின்னத்தைக் குறித்துக்கொள்ளவும்.

பெட்டியில் இருந்தது நான்கு சுங்குடி. அரக்கு, கரும்பச்சை, மயில்நீலம், கத்தரிப்பூ. மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குச் சுங்குடியைப் பற்றிச் சொல்ல வேண்டாம், வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வெள்ளைத் துணியில் சின்னச் சின்னதாகக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் இறங்காது. அவிழ்த்தால் அந்த இடம் புள்ளியாக நிற்கும். மதுரைக்குக் குடிவந்த சௌராஷ்டிர மக்களின் கைவேலை இது. 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கடையில் அச்சுப் போட்டதும் சுங்குடி என்றே விற்கிறது. அச்சுப் புள்ளி எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். கையால் முடிந்த புள்ளி ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்று லேசாகச் சாய்ந்து இருக்கும். ஒரு வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி.

பழைய துணியை எடுக்கும்போது முதல் வேலை அதைச் சோதிப்பது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். சல்லடையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். அடுத்தது கட்டைவிரல். இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் வைத்து அழுத்தி, பாவுப் பக்கம் ஒருமுறை, ஊடைப் பக்கம் ஒருமுறை வெளியே இழுக்க வேண்டும். சத்தம் வந்தால் தீர்ந்தது. அரக்கு நின்றது. பச்சை நின்றது. நீலம் நின்றது. கத்தரிப்பூ கிழிந்தது.

நான் ஆசைப்பட்டது கத்தரிப்பூவைத்தான். அம்மா அதிகம் கட்டியதும் அதைத்தான். அதிகம் கட்டியதால்தான் அது நிற்கவில்லை. வேறு இடத்தில் பார்த்தேன், தலைப்பில் பார்த்தேன். எங்கே தொட்டாலும் இற்றுப்போயிருந்தது. பின்னால் ஒட்டுத்துணி வைத்துச் சமாளிக்கலாமே என்று மகள் சொன்னாள். என் வீட்டுப் போர்வைக்குச் சமாளிக்கலாம். முகம் தெரியாத ஒருவர் என் கட்டத்தைத் தன் போர்வையின் நடுவில் வைத்துத் தைத்து, பஞ்சு வைத்து, மாதக்கணக்கில் கையால் தையல் ஓட்டி முடித்த பிறகு, மூன்றாவது துவைப்பில் என் சதுரம் மட்டும் கிழிந்தால்? அவர் அதைப் பிரித்து எடுக்கவும் முடியாது. கத்தரிப்பூ அவர்களுக்குப் போகாது என்று அன்றே முடிவு செய்தேன். எனக்கு வைத்துக்கொள்ளும் பன்னிரண்டாவது கட்டத்துக்கு அதில் ஐந்து சதுரம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் மல் துணி வைத்து விளிம்பில் தைத்துக்கொண்டேன். அது கிழிந்தால் என் பாடு.

மற்ற மூன்று சேலையில் பதினொரு கட்டம்: அரக்கில் நான்கு, பச்சையில் நான்கு, நீலத்தில் மூன்று.

வெள்ளைக்குக் காடாத் துணி வாங்கினேன். சுங்குடி மெல்லிசு, அதனால் காடாவிலும் மெல்லிய ரகம். ஒரு கட்டத்துக்குள் கனத்த துணியும் மெல்லிய துணியும் கலந்தால் கனத்தது மெல்லியதை இழுத்துவிடும். கண்டாங்கிச் சேலை ஒன்று கைக்கு வந்தும் அதனால்தான் எடுக்கவில்லை. காடாவை வெட்டும் முன் துவைத்தே ஆக வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது புதுத்துணிக்குத்தான் அதிகம் பொருந்தும். நான் வாங்கிய ஒரு மீட்டர், துவைத்துக் காயவைத்து அளந்தால் 95 சென்டிமீட்டர். இதைத் துவைக்காமல் வெட்டித் தைத்திருந்தால் போர்வையாகி முதல் துவைப்பில் வெள்ளை மட்டும் சுருங்கி, சுங்குடி கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும்.

சாயம் இன்னொரு விஷயம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நானும் பல காலம் கேட்டிருக்கிறேன். உப்பு உதவுவது சாயம் ஏற்றும்போது. நூலில் ஏறிப் பிடித்த பிறகு அதை நிற்க வைக்கும் சக்தி உப்புக்கு இல்லை. நிற்காத சாயத்தைத் துவைத்துத்தான் போக்க வேண்டும். துணியை நனைத்து, மேலே வெள்ளைக் கைக்குட்டையை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். கைக்குட்டை சொல்லிவிடும். இத்தனை வருடம் துவைத்த சேலை, அரக்கு அப்படியும் லேசாக ரோஸ் காட்டியது. இன்னும் இரண்டு அலசு அலசியதும் நின்றது.

பிறகு கஞ்சி. பழைய பருத்தி குழைந்துபோயிருக்கும். கத்தி பட்டால் நகரும், ஊசிக்கு அடியில் இழுபடும். அதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர்விட்டு நீர்க்க வைத்து, முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்தி, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டேன். துணி காகிதம்போல் நின்றது. ஒரு சங்கடம் உண்டு. கஞ்சி போட்ட துணியை நாள்கணக்கில் வைத்தால் இராமபாணப் பூச்சி தேடி வந்துவிடும். அதனால் வெட்டித் தைத்து உடனே அனுப்பிவிட வேண்டும். பார்சலுக்குள் "கஞ்சி போட்டது, போர்வை முடிந்ததும் அலசிவிடவும்" என்று ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு முழம் எடுப்பதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்துக் கிழித்தால் ஊடை நூலோடு நேராகப் போகும். அந்த நேர்தான் உண்மையான நேர். பிறகு சதுரம் வெட்ட, பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றை நாலரை அங்குலத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டேன். என் முழங்கால் எக்ஸ்ரே அது. ஒருவழியாக அந்த முழங்காலும் ஒரு காரியத்துக்கு ஆயிற்று.

இப்போது கால் அங்குலத்துக்கு வருகிறேன். என்னிடம் கணக்குப் படித்தவர்கள் கவனிக்கவும்.

நாலரை அங்குலச் சதுரம் மூன்றை இணைத்தால் பதின்மூன்றரை வரும் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போகும். இரண்டு இணைப்பு, ஒரு அங்குலம் போய்விட்டது. பன்னிரண்டரை. அதுதான் அனுப்ப வேண்டிய அளவு. வாங்குகிறவர் கட்டங்களை இணைக்கும்போது இன்னும் இரு பக்கமும் கால் கால் போய்ச் சரியாக ஓரடி நிற்கும்.

அந்தக் காலில் ஒரு வீசம் தப்பினால் என்ன ஆகும்? பழைய கீழ்வாய் இலக்கம் ஞாபகம் இருக்கிறதா? காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி வீசம். பதினாறில் ஒன்று. ஸ்கேலில் மிகச் சின்னக் கோடு. ஒரு தையலுக்கு ஒரு வீசம் அதிகமாகப் பிடித்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு வரிசையில் அப்படி நான்கு ஓரம் உள்ளே போகிறது. நான்கு வீசம் ஒரு கால். கட்டம் பன்னிரண்டேகாலாக நின்றுவிடும். பக்கத்துக் கட்டம் பன்னிரண்டரை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஒன்றை இழுக்க வேண்டும், அல்லது ஒன்றைச் சுருக்க வேண்டும். எந்த வீட்டிலோ ஒரு பெண் ராத்திரி ஒன்பது மணிக்கு மெஷின் முன் உட்கார்ந்து என் ஒரு வீசத்தோடு மல்லுக்கட்டுவாள். அவள் என்னைத் திட்டக்கூட மாட்டாள். தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

என் மெஷின் பழைய கால்மிதி உஷா. அதன் பாதத்தின் ஓரம் ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் இல்லை. ஊசியை இறக்கி, ஸ்கேலால் அளந்து, அந்த இடத்தில் தகட்டின்மேல் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை இரண்டு மடிப்பாக ஒட்டிவிட்டேன். துணியின் ஓரம் அந்தச் சுவரை உரசிக்கொண்டே போனால் போதும். அதிலும் கால் அங்குலத்துக்கு ஒரு நூலளவு குறைவாக வைக்க வேண்டும், ஏனென்றால் தையலைப் பிரித்து மடிக்கும் இடத்தில் துணியின் கனமே ஒரு நூலைத் தின்னும். பதினொன்றாம் நம்பர் ஊசி, அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். முதலில் மூன்று துண்டை மட்டும் தைத்து, அளந்து, சரி என்றால்தான் மற்றது.

1977ல் ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குத் தையல் மாதிரி நோட்டு உண்டு. ஓட்டுத் தையல், பின் தையல், காஜா என்று பக்கத்துக்கு ஒரு துண்டுத் துணி ஒட்ட வேண்டும். எங்கள் கைத்தொழில் ஆசிரியை நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். முன்பக்கம் பார்ப்பது ஊருக்கு, பின்பக்கம் பார்ப்பது தைக்கிறவளுக்கு என்பது அவர் கட்சி. இந்தக் கட்டங்களைத் தைக்கும்போது பின்பக்கம் எவ்வளவு முக்கியம் என்று அவர் இருந்தால் பூரித்துப்போவார். தையல் மடிப்புகளைக் கலர்ப் பக்கமாகவே சாய்த்து அழுத்த வேண்டும். அப்படிச் செய்தால் முதல் வரிசையின் மடிப்பு ஒரு பக்கம் பார்க்கும், இரண்டாம் வரிசையின் மடிப்பு எதிர்ப்பக்கம் பார்க்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும். நான்கு சதுரம் சந்திக்கும் முனை ஊசி முனைபோல் நிற்கும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

தைக்கிற வேலை ஒரு பிற்பகல்தான். இரண்டு இரண்டாகச் சதுரங்களை நூலை அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக மெஷினுக்குக் கொடுத்துக்கொண்டே போனால் பின்னால் மாவிலைத் தோரணம்போல் தொங்கும். தயாரிப்புக்கு ஒன்பது நாள், தையலுக்கு ஒரு நாள். சமையலும் அப்படித்தானே, அரைப்பதும் நறுக்குவதும்தான் வேலை, கொதிப்பதை அடுப்பு பார்த்துக்கொள்ளும்.

போன சுற்றில் எனக்கு வந்த கட்டங்களில் ஒன்று அரை அங்குலம் குறைவு. தையல் பாம்பாக நெளிந்திருந்தது. முப்பத்தெட்டு வருடம் சிவப்பு மை பிடித்த கை, அரிக்கத்தான் செய்தது. எங்கள் குழுவில் யாரும் யாருக்கும் மார்க் போடக் கூடாது என்பது விதி. குறைந்தால் சுற்றிலும் ஒரு சன்னப் பட்டி கோத்து அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இதில் பட்டி வைத்துப் பயனில்லை, ஒரு தையல் விளிம்பைவிட்டே வெளியே போயிருந்தது, பிரிந்துவிடும். தைத்தவர் நம்பரை வாங்கிப் பேசினேன். என்னைவிட மூத்தவர். வாத நோய் வந்து எழுந்தவர், வலது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லையாம். தயங்கித் தயங்கி, பிரித்துத் தைக்கட்டுமா அம்மா என்று கேட்டேன். "தாராளமாப் பிரிச்சுத் தைங்க டீச்சர். அழகா இருக்குன்னு பிரிக்காம வச்சுடுவாங்களோன்னுதான் பயமா இருந்துச்சு. போர்வை கிழியாம இருக்கணும்ல" என்றார். அதே துணி, அதே துளையில் கூடியவரை ஊசியை விட்டு, கையாலேயே தைத்தேன். இந்தச் சுற்றிலும் அவர் இருக்கிறார். அவருக்கு எந்த நிறம் போகும் என்று தெரியாது, கோயம்புத்தூர்க்காரி கையில் எது வருகிறதோ அது.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வெள்ளைச் சதுரத்தின் ஓரத்தில் பெயரும் ஊரும் எழுத வேண்டும். அழியாத மைப் பேனாவால் எழுதி, மேலே சூடு காட்டினால் நின்றுவிடும். என் பெயர், ஊர், அதற்குக் கீழே "எங்கள் அம்மா கட்டிய சேலை" என்று எழுதினேன். பதினொரு தடவை எழுதினேன். கரும்பலகையில் எழுதிப் பழகிய கையெழுத்து, துணியில் கொஞ்சம் பெரிசாகத்தான் விழுந்தது.

நேற்று எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து ஒருமுறை சரிபார்த்தேன். பதினொன்றும் பன்னிரண்டரை. மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்பீடு போஸ்டில் அனுப்பியாயிற்று. மற்றவர்களுடைய கட்டங்கள் வந்து சேர இரண்டு மாதம் ஆகும். வந்ததும் படம் போடுகிறேன்.

வெட்டியதில் மிச்சம் 17 சதுரம் இருக்கிறது. அரக்கு நான்கு, பச்சை நான்கு, நீலம் ஒன்பது. நாலரைக்கு நாலரை, கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது. சொந்தத்தில் யாருக்கு வேண்டுமோ தனியாகச் செய்தி அனுப்புங்கள். நிறத்தையும் பின்கோடையும் மறக்காமல் எழுதவும். கத்தரிப்பூ கேட்காதீர்கள்.